வெயிலில் வைத்த தண்ணீர்

எங்கள் காக்கா இந்த உலகத்தை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. அவருக்காகக் குர்ஆன் கத்தம் ஓதி, உங்களுக்குச் சோறு தந்து, கையில் இந்தச் சிறிய நினைவு மலரையும் தருகிறோம். காக்காவின் வாழ்க்கையை எழுதும் வேலையை நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் அவருடைய ஒரே தங்கச்சி. எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சுனாமி வந்த கிழமையில், பள்ளிக்கூட முகாமில், உங்களில் பலர் பார்த்துக்கொண்டிருக்கக் காக்காவைப் பார்த்து நான் ஒரு சொல் சொன்னேன். அவர் உயிரோடு இருந்த காலம் முழுவதும் அதைத் திருப்பி எடுக்க எனக்கு வாய் வரவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காக்கா பிறந்தது சாய்ந்தமருதில். நாங்கள் இரண்டே பிள்ளைகள். வாப்பா வயல் செய்தவர். நாட்டுப் பிரச்சினைக் காலத்தில் ஒரு நாள் காலையில் தண்ணீர் கட்ட வயல்வட்டைக்குப் போன வாப்பா திரும்பி வரவில்லை. ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை. காக்காவுக்கு அப்போது பதினேழு வயது, எனக்கு ஒன்பது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் வயல் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. படித்துக்கொண்டிருந்த காக்கா புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மீன்பிடிக்கப் போனார். பாண்டிருப்பு அண்ணன் என்று நாங்கள் அழைக்கும் தமிழ் அண்ணன் ஒருவரின் இயந்திரப் படகில் பத்து வருடத்துக்கு மேல் கடலுக்குப் போனார். அந்தப் படகில் பெரும்பாலும் அவர்கள் இருவர்தான். ஊரில் தமிழரும் முஸ்லிம்களும் இரண்டு பக்கமாக முறைத்துக்கொண்டு நின்ற நாட்களிலும் அந்தப் படகில் ஒரே சோற்றுப் பெட்டிதான்.

பெண்ணுக்கு வீடு கட்டாமல் கல்யாணம் பேச முடியாது என்பது எங்கள் ஊர் நடைமுறை. வாப்பா இல்லாத வீட்டில் அந்தச் சுமை காக்காவின் தலையில் விழுந்தது. கடலிலிருந்து வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு, பின்னேரம் கல் சுமப்பார். தனக்குப் பெண் கேட்டு வந்தவர்களிடம் "தங்கச்சிட வீடு முடியட்டும்" என்று சொல்லியே வயதைக் கடத்திவிட்டார். வீடு கடற்கரையோரத்தில் எழும்பியது. மூன்று அறை, முன்னுக்கு விறாந்தை. என் கல்யாணம் நடந்தது. மூத்த மகள் பிறந்தாள். உம்மாவும் காக்காவும் எங்களோடுதான் இருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் என் மாப்பிள்ளையும் கல்முனைச் சந்தைக்குப் போயிருந்தோம். மகளை உம்மாவிடம் விட்டுப் போனோம். அவளுக்கு நான்கு வயது. காக்கா ஆழ்கடலில் இருந்தார். அங்கே படகு ஒருமுறை மெல்லத் தூக்கி இறக்கியதாம், அவ்வளவுதான். கரைக்கு வரும் வழியில் கதவுகளும் பாய்களும் மிதந்து வருவதைக் கண்டுதான் அவர்களுக்கு ஏதோ நடந்திருப்பது தெரிந்தது. உம்மாவின் ஜனாஸா மறுநாள் கிடைத்தது. மகள் கிடைக்கவில்லை. வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது.

காக்கா இரண்டு நாள் கடற்கரையெல்லாம் தேடிவிட்டு, மூன்றாம் நாள் பள்ளிக்கூட முகாமுக்கு வந்தார். வகுப்பறை நிறையச் சொந்தக்காரர்கள். அவர் வாசலில் நின்று தலையை ஆட்டினார். கிடைக்கவில்லை என்று அர்த்தம். அப்போது நான் சொன்னேன்: "கடலுக்குப் பக்கத்துல வீட்டக் கட்டித் தந்து என்ட புள்ளயக் கடலுக்குக் குடுத்தது நீங்கதான் காக்கா."

காக்கா அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்தார். ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை.

நான் சொன்னது முகாமோடு நிற்கவில்லை. தங்கச்சியைக் கடலடியில் குடிவைத்த காக்கா என்று ஊரில் பேச்சு வந்தது. அவர் காதிலும் விழுந்தது. அன்றைக்குப் பிறகு அவர் படகில் ஏறவே இல்லை.

சுனாமிக்குப் பிறகு கொஞ்சக் காலம் நம் கரையில் யாரும் கடல்மீன் சாப்பிடவில்லை. எதற்கென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மெல்ல மெல்ல எல்லோரும் சாப்பிடத் தொடங்கினார்கள். எனக்கு முடியவில்லை. அடுத்த வீட்டில் மீன் கொதித்தால்கூட எழும்பிப் போய்விடுவேன். வயலை நிரப்பிக் கட்டிய வீட்டுத்திட்டத்தில் எங்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. காக்கா பின்சுவரோடு ஒரு சாய்ப்புப் பத்தி இறக்கிக்கொண்டு அதில் இருந்தார். அங்கே போன பிறகு நான் மறுபடி கர்ப்பமானேன். உடம்பில் இரத்தம் போதாது, மீன் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று மருத்துவிச்சி கண்டிப்பாகச் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்தேன். என் மாப்பிள்ளைதான் காக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த நாட்களில் ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து, மண் இல்லாமல் மரக்கறியும் கடல் இல்லாமல் மீனும் வளர்க்கலாம் என்று காட்டினார்கள். கீழே ஒரு சீமெந்துத் தொட்டியில் மீன். அதற்கு மேலே சல்லிக்கல் நிரப்பிய பெட்டியில் செடி. மீன் அழுக்காக்கிய தண்ணீரைச் சின்னப் பம்பு மேலே ஏற்றும். அந்த அழுக்கைச் செடி தின்னும். தெளிந்த தண்ணீர் திரும்ப மீனுக்கு வடியும். வீட்டுத்திட்டத்து நிலமெல்லாம் கொட்டி நிரப்பிய கிறவல் சரளை, புல்கூட முளைக்காது. ஆனாலும் பார்த்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொட்டியில் மீன் வளர்ப்பதா என்றார்கள். காக்கா ஒருவர்தான் கையைத் தூக்கினார்.

தொட்டிக்குத் தண்ணீர் வேண்டும். கிணற்றில் இன்னும் கடல் உப்பு. குடிதண்ணீர் பவுசர் லொறியில் வரும், வரிசையில் நின்று பிடிக்கவேண்டும். காக்கா கிணற்றைத் தொடவில்லை. பத்து நாள் வரிசையில் நின்று, தன் பங்குத் தண்ணீரைக் கேன் கேனாகச் சேர்த்தார். மூடி போட்டு, தூசி விழாமல், வெயில் படாமல் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார். மீன்குஞ்சு வந்த அன்று அதையெல்லாம் ஊற்றிக் குஞ்சுகளை விட்டார். மாலையாவதற்குள் அத்தனையும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

மறுநாள் மீன்வளர்ப்பு உத்தியோகத்தர் வந்து பார்த்தார்.

"பவுசர் தண்ணியா ஊத்தின நீங்க? அதுல கிருமிக்கு மருந்து போட்டிரிக்கிம். மீன் தாங்காது. வாய் திறந்த பாத்திரத்துல ரெண்டு நாள் வெயில்ல வெச்சிட்டு ஊத்தியிருக்கணும்."

"எனக்குத் தெரியாது சேர்," என்றார் காக்கா. "இரிக்கிறதுலயே நல்லதப் பாத்துத்தான் குடுத்தன்."

நான் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் மீனைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது எனக்கு விளங்கியது. அந்த இடத்திலேயே நான் போய் அவர் கையைப் பிடித்திருக்கலாம். குசினிக்குள் போய் அடுப்பை ஊதினேன். இன்றுவரை என்னை நானே ஏசிக்கொள்வது அதற்காகத்தான்.

இரண்டாம் முறை வாளிகளை முற்றத்தில் வரிசையாக வைத்து, காகம் வாய் வைக்காமல் பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்தார். குஞ்சுகள் பிழைத்தன. திலாப்பியா. மேலே கங்குன் கீரையும் பசளிக் கீரையும் கொச்சி மிளகாயும் வந்தன. மகன் பிறந்து நாற்பது நாள் கழிந்த பிறகுதான் முதல் மீன் சட்டிக்கு ஏற்றதாக வளர்ந்தது. காக்கா இரண்டு மீனை வெட்டிக் கழுவி, ஒரு பிடி கங்குனோடு கொண்டுவந்து வைத்தார்.

"கடல் மீனில்ல புள்ள. நான் சோறு போட்டு வளத்தது," என்றார்.

நான் ஆக்கிச் சாப்பிட்டேன். அவர் வெளியே போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தட்டில் முள்ளு மட்டும் இருப்பதைத் திரும்பி வந்து பார்த்தபோது அவர் முகத்தில் வந்த சந்தோசத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. கிழமைக்கு இரண்டு மீன், தவறாமல் வந்தது. அவரும் அதைத் தவிர வேறு மீன் தின்னவில்லை.

கரண்ட் போனால்தான் எங்கள் பாடு பெரும்பாடு. பம்பு நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். காக்காவிடம் படகில் ஊறும் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றுகிற தகரப் பேணி ஒன்று இருந்தது. கடலிலிருந்து அவர் கொண்டுவந்தது அது ஒன்றுதான். அந்தப் பேணியால் தொட்டித் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுவார். அள்ளி அள்ளி ஊற்றினால் தண்ணீரில் காற்றுச் சேரும், மீன் மூச்சு விடும். கரண்ட் வரும்வரை, மூன்று மணித்தியாலமானாலும் கை ஓயாது. பார்த்த கூட்டாளிமார் கேலி செய்வார்கள்.

"என்ன காக்கா, கடலத் தொட்டிக்குள்ள அடச்சிட்டீங்களா?"

"ஓம். இது சொல்வழி கேக்கிற கடல்," என்பார்.

யுத்தம் முடிந்தது. கடலுக்குப் போக இருந்த தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பாண்டிருப்பு அண்ணன் வந்து, "வா, இனி நினைச்ச நேரம் போகலாம்," என்று கூப்பிட்டார். அவரும் சுனாமியில் மனைவியைப் பறிகொடுத்தவர்தான். காக்கா தேத்தண்ணீர் கொடுத்து, கங்குன் கட்டு ஒன்றும் கொடுத்து அனுப்பிவைத்தார். "மீனுக்கு ஆரு சாப்பாடு போடுற?" என்றார். எனக்குக் கேட்கட்டும் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது.

சிறிது காலத்தில் காக்காவின் கால் வீங்கத் தொடங்கியது. இரண்டு சிறுநீரகமும் பழுது என்றார்கள். கிழமைக்கு இரண்டு தரம் மெசினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்யவேண்டும். நான் என் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்றேன். எனக்குச் சீனி வியாதி இருப்பதைக் கண்டு டொக்டர் மறுத்துவிட்டார். மெசினுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்காருவதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு நாள் குழாயில் இரத்தம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த காக்கா சிரித்தார்.

"நம்மட பம்பு மாதிரித்தான் தங்கச்சி. வெளிய எடுத்து வடிச்சுத் திருப்பி விடுறாங்க. கரண்ட் போனா மட்டும் நீ பேணியால ஊத்தேலாது."

நானும் சிரித்தேன். பிறகு வெளியே போய் அழுதேன்.

கடைசி வெள்ளிக்கிழமை காலையில் அவருக்கு மூச்சு வாங்கியது. இனி நாளில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து வருடமாகத் தொண்டையில் கிடந்ததைச் சொல்லிவிடக் குனிந்தேன்.

"காக்கா, அண்டைக்கி பள்ளிக்கூடத்துல நான் செல்லினது..."

அவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"தொட்டில தண்ணி குறஞ்சிரிக்கிம். ரெண்டு நாள் வெயில்ல வெச்சிட்டு ஊத்து புள்ள."

"ஓம் காக்கா," என்றேன். எனக்கு வந்தது அவ்வளவுதான். லுஹர் தொழுகைக்கு முன் காக்கா வபாத்தானார். மறுநாள் காலையில் வாளிகளை நிரப்பி முற்றத்தில் வைத்தேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கிழமைக்கு இரண்டு தரம் தன் வேனில் காக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பாண்டிருப்பு அண்ணனுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். அவர் அடக்கத்துக்கு மையவாடிக்கும் வந்து, எல்லோரும் போன பிறகும் நின்றார். ஜனாஸாவைக் குளிப்பாட்டியவர்கள், சுமந்தவர்கள், துஆ ஓதிய ஹஸ்ரத், மூன்று நாள் எங்கள் வீட்டுக்குச் சோறு சமைத்து அனுப்பிய வீட்டுத்திட்டத்துப் பெண்கள், ஜனாஸா வீட்டில் கரண்ட் போனபோது யாரும் சொல்லாமலே பேணியைத் தேடி எடுத்துத் தொட்டியடியில் நின்ற காக்காவின் கூட்டாளிமார், எல்லோருக்கும் அல்லாஹ் நற்கூலி தரட்டும். காக்காவின் கப்றை அவன் விசாலமாக்கட்டும்.

இனி நான் சொல்ல வந்தது. காக்கா எனக்கென்று முதலில் பார்த்துப் பேசி முடித்த காணி கடற்கரையில் இல்லை. அது ஊருக்கு மேற்கே, வட்டைப் பக்கம். மேட்டு நிலம். சுனாமித் தண்ணீர் அந்த இடத்துக்கு வரவே இல்லை. வாப்பா போன பக்கத்தில் நான் குடியிருக்க மாட்டேன், கடலடியில் கட்டித் தாருங்கள் என்று அழுது அடம்பிடித்தவள் நான். இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தேன். மூன்றாம் நாள் காக்கா போய் அந்தக் காணியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். இது தெரிந்தவர்கள் மூன்றே பேர். உம்மாவைக் கடல் கொண்டுபோனது. நான் வாயைத் திறக்கவில்லை. காக்காவோ, வகுப்பறை நிறைய நீங்கள் எல்லோரும் இருந்தும், ஊர் முழுவதும் பேசியும், ஒரு தரம்கூட "நீதானே கேட்டாய்" என்று சொல்லவில்லை. அன்றைக்கு நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இதையும் வாசியுங்கள். தங்கச்சியைக் கடலடியில் குடிவைத்த காக்கா என்று இனி யாராவது சொன்னால், கேட்டு வாங்கியவள் நான் என்று சொல்லுங்கள்.