ஹாரன் சாரின் நாற்பது ஸ்லைடுகள்

கிடங்கில் அவரை எல்லோரும் ஹாரன் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட வரும் புது ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவர். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும் குரல். பதினெட்டு வருடம் அந்தக் குரலை வைத்துத்தான் குடும்பம் நடந்தது. பிறகு புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதில் ஒரு குழாய். அதைக் கழுவி, சளி எடுத்துப் பார்த்துக்கொள்ளத்தான் நான் அவர் வீட்டுக்கு நர்ஸம்மாவாக வேலைக்குப் போனேன்.

வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். மருத்துவ விடுப்பு முடியப்போகிறது. பேச முடியாதவருக்கு வகுப்பில் என்ன வேலை என்று மேனேஜர் கேட்டுவிட்டார். ஒரே ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுகிறேன், அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள் என்று இவர் எழுதி அனுப்பினார்.

வாயால் சொன்னதையெல்லாம் நாற்பது ஸ்லைடாக ஆக்கினார். பின்னணியில் கிட்டார் இசை. அது அழகுக்கு அல்ல. அறை அமைதியாக இருந்தால் குழாயில் மூச்சு போய்வரும் கரகரப்பு கேட்கும். கேட்டவன் ஸ்லைடைப் பார்க்க மாட்டான், கழுத்தைத்தான் பார்ப்பான்.

அந்த இசை முதல் ஸ்லைடோடு நின்றுபோனது. அடுத்ததற்குப் பொத்தானை அழுத்தினால் கப்சிப்.

"வந்ததும் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிடுது," என்றாள் மனைவி. "உங்க மேனேஜருக்குச் சொந்தமா இருக்கும்."

அவர் சத்தமில்லாமல் சிரித்தார். சிரிப்போடு சளியும் வந்தது. உறிஞ்சும் மெஷினைப் போட்டு எடுத்தேன்.

ஒவ்வொரு ஸ்லைடிலும் இசையைத் தனித்தனியாகச் சேர்த்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்திலிருந்து ஓடியது.

"சார், இதை நாப்பது தடவை கேட்டா நானே வண்டிய சுவத்துல முட்டிடுவேன்," என்றேன்.

மூன்றாம் நாள் பிடிபட்டது. ஸ்லைடில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் படத்தை அழுத்தினால் இசைக்கான அமைப்புகள் வரும். அதில் எல்லா ஸ்லைடுகளிலும் ஓடு என்பதையும், முடிந்தால் மறுபடி ஓடு என்பதையும் தேர்ந்தெடுத்தார். இருமல் வந்தால் கை கழுத்துக்குப் போய்விடும் என்பதால், அரை நிமிடத்துக்கு ஒரு ஸ்லைடு தானாக மாறும்படியும் வைத்தார்.

வகுப்பன்று மெஷினோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். இருபது நிமிடமும் இசை நிற்கவில்லை. அவர் குச்சியால் திரையில் காட்டிக்கொண்டே போனார். யாரும் கழுத்தைப் பார்க்கவில்லை. ஒருவன் சந்தேகம் கேட்டான். சிலேட்டில் பதில் எழுதிக் காட்டினார்.

மேனேஜர் எழுந்து வந்து கை குலுக்கினார். "இது தானாவே ஓடுதா சார்?"

தலையாட்டினார். பெருமையாகத்தான்.

"யாரும் எதையும் அழுத்த வேண்டாம்?"

மறுபடியும் தலையாட்டினார்.

"ரொம்ப நல்லது. பென்டிரைவ்ல ஒரு காப்பி குடுத்துட்டுப் போங்க."

அடுத்த வாரம் வகுப்புக்கு அழைப்பு வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் மேனேஜரே போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, சார் பக்கத்துல இருக்காரா? புது ஆளுங்க உக்காந்திருக்காங்க, ஸ்லைடு ஓடுது, மியூசிக் வரல. என்ன பண்ணணும்னு கேட்டுச் சொல்லுங்க."

கம்ப்யூட்டரின் சத்தம் எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று மாற்றினால் போதும். அதைத்தான் அவர் சிலேட்டில் எழுதத் தொடங்கினார்.

"எழுதாதீங்க," என்று மனைவி மெதுவாகச் சொன்னாள்.

அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். உள்ளங்கையால் அழித்துவிட்டு வேறு எழுதினார். பொய் என்று தெரிந்தேதான் நான் வாசித்தேன்: "நான் வந்தால்தான் சரிசெய்ய முடியும்."

மேனேஜர் யோசிக்கவே இல்லை. "பாவம், அவரை எதுக்கு அலைய விடணும்? மியூசிக் இல்லாமலே ஓடட்டும்மா. இங்க யாருக்கும் அது தேவைப்படல."

போனை வைத்துவிட்டார். சிலேட்டு ஹாரன் சாரின் மடியில் அப்படியே இருந்தது. மனைவி அதை எடுத்துத் துடைத்தாள். குழாய் கழுவ வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. நான் வெந்நீர் வைக்கப் போனேன்.