பாலத்தில் நின்ற பேருந்து

பியோ கீதேக் தென்கொரியாவின் குன்சான் ஊரில் நகரப் பேருந்து ஓட்டினார். நானும் அதே பணிமனை ஓட்டுநர்தான். அவர் இளம் வயதில் காசநோய் வந்து, மாத்திரையால் பிழைத்தவர். அந்த மாத்திரை தின்ற மாதங்களில் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைத் தவிர வேறு தொல்லையே இல்லை, மீன் சந்தையில் மூட்டைகூடத் தூக்கினேன் என்று பெருமையடிப்பார்.

சென்ற இலையுதிர் காலத்தில் இருமலில் ரத்தம் வந்தது. தெருமுனை மருத்துவர் ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்தும் கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். பழைய நோய் நுரையீரலில் விட்டுப்போன குழியில் பூஞ்சை உருண்டையாகக் குடியேறியிருந்தது.

டாக்டர் ஓக் என்ற அம்மாள் சொன்னதை கீதேக்கின் மனைவி சுன்வா பிறகு என்னிடம் சொன்னாள்.

"பாக்டீரியா வேற, நாம வேறங்க ஐயா. அதுகிட்ட மட்டும் இருக்கறதாப் பார்த்து அடிச்சிடலாம். பூஞ்சை நமக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. அதை அடிக்கிற மருந்து உங்க மேலயும் படும். கண்ணு, தோல், ஈரல் எல்லாத்தையும் கவனிக்கணும். இதைச் சாப்பிடற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்க."

கீதேக் தலையாட்டினார். தன்னைப் பேருந்து கழுவும் வேலைக்கு மாற்றிவிட்டதாக மனைவியிடம் பொய் சொன்னார். எங்களிடம் எதுவுமே சொல்லவில்லை. வெறும் வயிற்றில் தின்ன வேண்டிய மாத்திரை. பணிமனையிலேயே விழுங்கிவிட்டு முதல் நடைக்குக் கிளம்புவார். எங்கள் ஊர் வண்டிகளில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம்; ஜன்னல் வெயில் படும் இடது கன்னம் சிவந்து தோலுரியத் தொடங்கியது.

ஒருநாள் காலையில், "தம்பி, விளக்கெல்லாம் மாத்திட்டாங்களா? பச்சையா எரியுதே" என்றார்.

"நேத்து சோஜு குடிச்சது கொஞ்சம் ஜாஸ்தியாண்ணே?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் கழிமுகப் பாலத்தில் பனிமூட்டம். எனக்கு முன்னால் போன அவருடைய வண்டி நடுப்பாலத்தில் சடாரென்று நின்றது. நான் என் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிப்போய் அதில் ஏறினேன். யாருக்கும் அடியில்லை. முன்சீட்டிலிருந்த கிழவி கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்குப்பா நிறுத்தின?"

"அந்தம்மா கடந்து போகட்டும்."

"எந்தம்மா? ரோட்டுல யாருமே இல்லையே."

கீதேக் மறுபடி கண்ணாடி வழியே பார்த்தார். முகம் வெளிறியது. எஞ்சினை அணைத்து, சாவியைக் கிழவியின் கையில் வைத்தார்.

"நான் கேட்டாலும் இதைத் திருப்பிக் குடுத்துடாதீங்க."

ரத்தத்தைச் சோதித்தபோது மருந்து அளவுக்கு மேல் தேங்கியிருந்தது. நம் நாட்டில் சிலருடைய ஈரலுக்கு இந்த மருந்தை வேகமாகக் கழிக்க வராது, இவரும் அந்த வகை என்றார் டாக்டர். அளவைக் குறைத்ததும், மருந்து கண்ணுக்குக் காட்டிய பொய் உருவங்கள் மறைந்தன. ஆனால் மருந்தை நிறுத்த முடியாது. நிறுத்தினால் பூஞ்சை ரத்தக்குழாயை அரித்துவிடலாம். இப்போதைக்கு அது வளரவுமில்லை, சுருங்கவுமில்லை.

வேலையை விட்டுவிட்டார். பகலில் வெயில் படாமல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் பார்க்கப் போனேன். சுன்வா சமையலறைக்குப் போனதும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அன்னிக்குத்தான் முதல் தடவைன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அதுக்கு முன்னாடியே நாலஞ்சு நாள் ரோட்டுல ஆளுங்க தெரிஞ்சாங்கடா. நிஜமில்லைன்னு நானே முடிவு பண்ணி, அவங்க மேலேயே வண்டிய ஓட்டிட்டுப் போனேன்."

அந்த வழித்தடத்தில் விபத்து எதுவும் நடக்கவில்லை, விசாரித்தாயிற்று என்றேன்.

"தெரியும்" என்றார். கன்னத்துத் தோலைச் சொறிந்துகொண்டே இருந்தார்.