நீலத் துணி கட்டிய சுரைக்காய்

எட்டு வயதில் எனக்கு இருந்த ஒரே எதிரி சுரைக்காய். பள்ளிக்கூடத்தில் வாத்தியார், "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று சொன்னபோது, அந்த ஏட்டுச் சுரைக்காய் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன்.

வந்ததெல்லாம் அசல் சுரைக்காய். சிறுமலை அடிவாரத்துத் தோட்டம் ஒன்றில் கிணறு வற்றிப்போனபோது, நாகல் நகரில் எங்கள் தெருவிலிருந்து மூன்று வீட்டார் சேர்ந்து அதை ஆழப்படுத்தக் கைகொடுத்தார்கள். அதற்குப் பதிலாகச் சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு ஒரு கூடை காய் வரும். பங்குக் கூடை என்போம். இது வேண்டும், அது வேண்டாம் என்ற பேச்சே கிடையாது. எது காய்க்கிறதோ அதுதான் வரும். புரட்டாசியில் தொடங்கினால் தை வரைக்கும் சுரைக்காய். அம்மா கூட்டு வைப்பாள், புளிக்குழம்பு வைப்பாள், தோலைக்கூட விடாமல் துவையல் அரைப்பாள். "இம்புட்டு ருசியா வேற யாரு வீட்ல வெஞ்சனம் இருக்கு?" என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்வாள்.

கூடையைச் சுமந்து வருகிறவள் தோட்டக்காரரின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். பழனிப் பக்கம் பாலசமுத்திரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். சுரைக்காயை அம்மா புகழும்போதெல்லாம் அவள் முகம் மலர்ந்துவிடும். "எங்கம்மா முந்தானைல முடிஞ்சு குடுத்த வெதைங்க. அம்மாவும் போயிட்டாங்க, அங்க இருந்த காடும் கைமாறிப் போச்சுங்க. இது ஒண்ணுதானுங்க எங்கூட வந்தது" என்பாள். வருஷா வருஷம் விதை எடுத்து மறு ஆடியில் ஊன்றுவாளாம். நான் இதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதில்லை. சுரைக்காய்க்கு ஊர் வேறா என்று நினைத்ததோடு சரி.

அந்தத் தை மாதம் அப்பா தோட்டத்துக்குக் கிளம்பியபோது சைக்கிளில் நானும் தொற்றிக்கொண்டேன். அப்பாவும் தோட்டக்காரரும் கிணற்றடியில் பேசிக்கொண்டிருக்க, நான் வேலியோரம் திரிந்தேன். சுரைக்கொடி பாதிக்கு மேல் காய்ந்து கிடந்தது. ஒரே ஒரு காய் மட்டும் மிச்சம். பெரிய காய், இன்னும் பச்சை மாறவில்லை. அதன் காம்பில் நீலத் துணி கட்டியிருந்தது. மஞ்சள் புள்ளி போட்ட நீலம். பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டேன். தீபாவளிக்கு அம்மா அக்காவிடம் கொடுத்த பழைய சேலை.

எனக்குப் புத்தி கொஞ்சமாகவா வேலை செய்யும்? எங்கள் வீட்டுச் சேலை என்றால் எங்கள் வீட்டுப் பங்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துணி கட்டி அடையாளம் வைத்திருக்கிறார்கள். சுரைக்காய் பிடிக்காதுதான்; அதற்காக இவ்வளவு பெரிய காயைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு விட்டுக்கொடுப்பதா? திருகிப் பறித்து, பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தேன்.

"எங்க பங்கை நானே பறிச்சிட்டேன்க்கா."

தோட்டக்காரர், "அடப் புள்ள, அது" என்று எழுந்தார். அக்கா அவரைக் கையமர்த்தினாள். கொஞ்ச நேரம் காயையே பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"சும்மா இருங்க. அது அவிங்க பங்குதானுங்க. நாந்தான் அடையாளத்துக்குக் கட்டி வெச்சேன். எடுத்துட்டுப் போ கண்ணு."

துணியை மட்டும் அவிழ்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். அரிவாள்மணையில் அந்தக் காயோடு மல்லாடிக்கொண்டிருந்தவள், துணிக் கதையைக் கேட்டதும் கையை நிறுத்தினாள்.

"அக்கா ஒண்ணும் சொல்லலையா?"

"நம்ம பங்குதான்னு அதுதாம்மா சொல்லுச்சு."

அன்றைக்குக் கூட்டு வேகவே இல்லை. "கட்டையை அறுத்துப் போட்டிருக்கியா?" என்றார் அப்பா. மற்ற நாளாக இருந்தால் அம்மா விட்டிருக்க மாட்டாள். அன்று அவர் தட்டில் ஊறுகாயை வைத்துவிட்டு நகர்ந்தாள். முன்னதாகவே விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாம்பலில் புரட்டி முறத்தில் பரப்பி வைத்திருந்தாள். காய்ந்ததும் வறுத்துத் தருவாள் என்று முறத்தையே சுற்றிச் சுற்றி வந்தேன். சனிக்கிழமை வந்ததும் அத்தனையையும் துணியில் முடிந்து அக்காவிடம் கொடுத்துவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா ஒரு விதையை நகத்தால் கீறினாள். உள்ளே பருப்பே இல்லை.

"ஊணிப் பாக்கறனுங்க" என்றாள்.

விதைக்காகக் கொடியிலேயே முற்ற விட்ட காயை யாரும் தெரியாமல் பறித்துவிடக் கூடாது என்றுதான் துணி கட்டுவார்கள். இது எனக்குத் தெரிவதற்குள் எனக்கே கல்யாணம் ஆகிவிட்டது.

மறு வருஷம் புரட்டாசி போயிற்று, ஐப்பசி போயிற்று. கூடையில் கத்தரி வந்தது, அவரை வந்தது, அந்தப் பாழாய்ப்போன சுரைக்காய் மட்டும் வரவில்லை. எனக்குச் சந்தேகம். ஒரு சனிக்கிழமை அக்காவிடமே கேட்டுவிட்டேன்.

"இனிமே சொரக்காயே வராதாக்கா?"

"வராதுங் கண்ணு."

கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் குதித்தேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அடுப்படியிலிருந்து வந்த அம்மா என்னைத் திட்டவில்லை. அக்காவின் கையைப் பிடித்து, "செத்த நேரம் உக்காரு தாயி, சாப்பிட்டுப் போ" என்றாள். வழக்கமாக நின்றபடியே போய்விடுகிறவள் அன்று உட்கார்ந்தாள். அம்மா வாழை இலை போட்டு, வடை சுட்டு, பாயசம் வைத்துப் பரிமாறினாள்.

சுரைக்காய் ஒழிந்ததைப் பெரியவர்களும் கொண்டாடுகிறார்கள் என்று நினைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன்.