பாட்டில் சில்லு உருட்டிய மாதம்

எங்கள் மாவட்டத்தில் கடல் கிடையாது. மழைகூட அடுத்த மாவட்டத்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதோடு சரி. ஆனால் உடைந்த பாட்டிலுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. சூலக்கரையில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு கண்மாய் இருக்கிறது. அதில் தண்ணீர் தேங்கி நான் பார்த்ததில்லை, மற்ற எல்லாம் தேங்கும். சாயங்காலமானால் கரையில் உட்கார்ந்து குடிக்கிறவர்கள், குடித்து முடித்ததும் பாட்டிலைக் கல்லில் ஓங்கி அடித்து உடைப்பார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசு கிடைக்கும். இருந்தும் உடைப்பார்கள். உடைத்தால்தான் குடித்த மாதிரி இருக்கும்போல.

ஒரு முறை தூத்துக்குடிக் கடற்கரையில் பச்சையாக ஒரு கல் கிடைத்தது. மழமழவென்று, வாயில் போட்டுச் சப்பலாம் போல இருந்தது. அது கல் இல்லை, கடல் உருட்டி உருட்டி முனை மழுக்கிய பாட்டில் சில்லு என்று மகள் போனில் பார்த்துச் சொன்னாள். அதே போனில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கடலே இல்லாமல், ஒரு சின்ன மிஷினில் சில்லைப் போட்டு உருட்டி, அதேபோல எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கெட்டது என் புத்தி.

நான் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் புரூஃப் பார்க்கிறவள். முருகனுக்குப் பன்னிரண்டு கையும் இருக்கிறதா, ராகு காலம் கிழமை மாறிப் போய்விட்டதா என்று பார்த்துக் கொடுப்பது என் வேலை. தை பிறந்தால் சீசன் முடிந்துவிடும். கம்பெனியில் எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்தச் சும்மா இருக்கிற மாதத்தில்தான் மிஷினை ஆர்டர் போட்டேன்.

வந்தது ஒரு தூக்குவாளி அளவு ரப்பர் டிரம். அது இரண்டு உருளைகளின் மேல் படுத்துக்கொண்டு சுற்றும். உள்ளே சில்லும் தண்ணீரும், கூடவே ஒரு பொடியும் போட வேண்டும். முதல் வாரம் கருப்பாக, கரகரவென்று ஒரு பொடி. அப்புறம் அதைவிட நைசாக ஒன்று, அதைவிட நைசாக இன்னொன்று. கடைசியில் மெருகு ஏற்ற ஒரு வெள்ளைப் பொடி. ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரு வாரம், ராப்பகலாக நிறுத்தாமல் ஓட வேண்டும். கடல் பல வருஷம் செய்கிற வேலையை ஒரு மாதத்தில் முடிப்பதென்றால் அது கொஞ்சம் சத்தம் போடத்தான் செய்யும்.

என் கணவர் ஆலங்குளத்தில் சிமென்ட் ஆலை வேலையில் இருக்கிறார். ஊரில் உள்ள கல்லையெல்லாம் பொடியாக்கிவிட்டு வருகிற மனிதர், நான் உருட்டுவதைப் பார்த்துச் சிரித்தார். ஒரே ஒரு அறிவுரைதான் சொன்னார்: "அந்தச் சேத்துத் தண்ணியச் சாக்கடையில ஊத்தாத, இறுகிரும்." அதனால் கொல்லையில் மதிலோரம் ஒரு குழி வெட்டி, சாம்பல் நிறத்தில் வரும் அந்தச் சேற்றை அதில் ஊற்றினேன். என் விரல்களும் அதே சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டன.

இந்த இடத்தில் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீடு வாடகை வீடு. மகள் பிளஸ் டூ. பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். ஏற்கெனவே இரண்டு வீடு மாறி, அலைந்து, அவள் படிப்புக்காகவே பிடித்த வீடு. வீட்டுக்காரர் மல்லாங்கிணற்றில் மானாவாரி விவசாயம் பார்க்கிற பெரியவர். முன்பணம் வாங்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"தீப்பெட்டி ஒட்டுங்க, வெடிக்குப் பேப்பர் குழாய் உருட்டுங்க, நான் கேக்க மாட்டேன். மருந்து மட்டும் வீட்டுக்குள்ள வரப்படாது. வந்துச்சுன்னா அன்னைக்கே சாமானைத் தூக்கி வெளிய வச்சிருவேன்."

மருந்து என்றால் எங்கள் பக்கம் வெடிமருந்துதான். காய்ச்சலுக்குக் கொடுப்பதெல்லாம் மாத்திரை. நானா வெடிமருந்து இடிக்கப் போகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மிஷின் ஓட ஆரம்பித்த இரண்டாவது வாரத்தில் எங்கள் தெரு திடீரென்று திருந்திவிட்டது. எதிர்வீட்டு அண்ணாச்சி என் ஜன்னலுக்கு நேராக நின்று பீடி குடிக்கிறவர். இப்போது பீடியைப் பற்ற வைக்காமலே தெருமுனைவரை நடந்து போனார். முக்கில் குப்பையைக் கொளுத்துகிறவர்கள் கொளுத்துவதை விட்டுவிட்டார்கள். நாலு வீடு தள்ளி ஒரு பெண்ணுக்குச் சடங்கு. பந்தல் போட்டார்கள், பாட்டுப் போட்டார்கள், ஒரு ஊசி வெடிகூடப் போடவில்லை. விருதுநகர் மாவட்டத்தில் வெடி போடாமல் ஒரு சடங்கு! பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கிற தெரு என்று எல்லோரும் பார்த்து நடந்துகொள்வதாக நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே சுவர். அங்கே கணவன், மனைவி இருவரும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிப் போகும். அந்த அண்ணன் ஒரு நாள் ஏணி கேட்டு வந்தார். செருப்பைத் தெருவிலேயே கழற்றினார். போனை எடுத்து மதில்மேல் வைத்தார். இரும்புக் கேட்டை உள்ளங்கையால் ஒரு தடவை நன்றாகத் தொட்டுவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி உள்ளே வந்தார். என்ன மரியாதை, என்ன பணிவு என்று மகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். மருந்து அறைக்குள் போகிறவர்கள் உடம்பிலிருக்கும் கரண்ட் இறங்குவதற்காக அப்படித் தொட்டுவிட்டுத்தான் போவார்கள் என்பது காலண்டர்காரிக்கு எங்கே தெரியும்?

அவர் மனைவிக்கு நான் மதினி, எனக்கும் அவர் மதினி. ஒரு நாள் கொல்லையில் துணி காயப் போடும்போது மதில் வழியாக என் கையைப் பார்த்தார்.

"தேங்கா எண்ணெயத் தேச்சு, சீயக்காப் போட்டுக் களுவுங்க மதினி, போயிரும்" என்றார் மெதுவாக. பிறகு இன்னும் மெதுவாக, "தண்ணி ஊத்தித்தான ஓட்டுறீக?"

"ஆமா மதினி. தண்ணியில்லாம ஓட்டவே கூடாதாமே."

"அதானே." அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "எடுத்து எங்கன காயப் போடுவீக?"

"மொட்டை மாடியிலதான். உச்சி வெயில்ல போட்டாத்தான பளபளன்னு இருக்கும்."

மதினி கையிலிருந்த ஈரச் சேலை அப்படியே கீழே விழுந்தது. "வேணாம் மதினி, நெழல்லயே போடுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டு, சேலையைக்கூட எடுக்காமல் உள்ளே போய்விட்டார். என் கண்ணாடிச் சில்லின்மேல் அவருக்கு எம்புட்டு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சை தொடங்க இன்னும் இரண்டு மூன்று நாள்தான் இருந்தது. கடைசிக் கட்டத்துக்கு முந்தைய பொடி டிரம்மில் போட்டதோடு தீர்ந்துபோய், இன்னொரு பாக்கெட் ஆர்டர் போட்டிருந்தேன். அந்த பாக்கெட் வழியில் கிழிந்துவிட்டது. கொரியர் ஆபீஸில் பை முழுக்கக் கருப்புப் பொடி கொட்டியிருக்கிறது. வேறு ஊராக இருந்தால் துடைத்துவிட்டுக் கொடுத்திருப்பார்கள். எங்கள் ஊரில் பையை அப்படியே மணலில் வைத்துவிட்டு, என் முகவரியைச் சொல்லிப் போலீசுக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலையில், கணவர் வேலைக்குப் போன பிறகு, ஒரு ஜீப் வந்தது. ஒரு அதிகாரி, இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு வாளி மணல். கொஞ்ச நேரத்தில் தகவல் தெரிந்து, மல்லாங்கிணற்றிலிருந்து வீட்டுக்காரரும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வாசலில் நின்று எங்கள் பீரோவையும் கட்டிலையும் பார்த்தார். எதை முதலில் வெளியே வைக்கலாம் என்று அளவெடுக்கிற பார்வை. மகள் வேதியியல் புத்தகத்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள்.

பின்பக்கம் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி தெருவைப் பார்த்துக் கேட்டார். "இது என்ன சத்தம்? எத்தனை நாளா ஓடுது?"

"கிரைண்டர் சார்" என்றார் எதிர்வீட்டு அண்ணாச்சி. "மாவு யாவாரம் பாக்காக."

அதே நேரத்தில் நாலாவது வீட்டிலிருந்து, "வாசிங் மிஷின் சார்" என்று ஒரு குரல் வந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் இரண்டையும் கேட்டுவிட்டு, யோசித்து, "சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலயே சார்" என்றார். அவருக்குப் பின்னால் சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளதைச் சொன்னால் என்ன, கண்ணாடிதானே உருட்டுகிறேன் என்று உள்ளே நடந்தேன். "மிஷினை நிறுத்துறேன் சார்" என்று சுவிட்சில் கை வைத்ததுதான் தாமதம், "தொடாதீங்க!" என்று ஒரு போலீஸ்காரர் அலறினார். சுவிட்சைப் போட்டால், அணைத்தால் பொறி தட்டுமாம். அதற்குள் நான் அணைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் வீட்டில் என்னையும் மகளையும் தவிர யாரும் இல்லை. அரசாங்கம் மொத்தமும் தெருவில் நின்றது. மணல் வாளி மட்டும் ஹாலில் இருந்தது.

டிரம்மைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, மூடியைத் திறந்து, பக்கெட் தண்ணீரில் கவிழ்த்தேன். பழுப்பும் பச்சையும் வெள்ளையுமாக, பால் பூத்த மாதிரி சில்லுகள். ஒன்றில்கூட முனை இல்லை. அதிகாரி கிட்டே வந்து ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது பீர் பாட்டில்தானே?"

"ஆமா சார்."

"எதுக்கு இது?"

"அழகுக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பட்டாசு என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அழகுக்கு என்ன செய்வதென்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "படிச்சவங்க மாதிரி தெரியுது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வீட்டுக்காரருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "மருந்து இல்லங்கிறது சரித்தா. போலீசு என் வாசப்படி ஏறிருச்சுல்ல? இந்த மாசத்தோட காலி பண்ணிருங்க" என்றார். பரீட்சை முடிய அந்த மாதம் போதாது. நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு மதினி குறுக்கே வந்து நின்றார்.

"பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும்யா. அதுக்கப்புறம் என்னமும் சொல்லுங்க. இப்ப சாமானைத் தொட்டீகன்னா தெருவே வந்து நிக்கும்."

பெரியவர் தெருவைப் பார்த்தார். தெரு ஏற்கெனவே வந்துதான் நின்றிருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "முடியட்டும், முடியட்டும்" என்று வண்டியைத் திருப்பினார்.

எல்லோரும் கலைந்த பிறகு மதினியைப் பிடித்துக்கொண்டேன். மிஷின் சத்தத்தையும் சாம்பல் கையையும் வைத்து ஒரு மாதமாக என்னை வெடிமருந்துக்காரி என்று நினைத்தீர்களா, ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா என்று கோபமாகத்தான் கேட்டேன்.

"கேட்டா நீங்க ஆமான்னு சொல்லிருவீகளே" என்றார். "நெசமாத் தெரிஞ்சு போச்சுன்னா அப்புறம் எப்படிச் சொல்லாம இருக்கது?"

வாசல்படியில் உட்கார்ந்து அவரே தொடர்ந்தார். "நாங்களும் ஒரு காலத்துல வீட்ல வச்சு மருந்து அடைச்சவகதான் மதினி. வேற ஊருல. யாரோ போன் போட்டுட்டாக. போலீசு வந்து இவகளக் கூட்டிட்டுப் போனப்ப எம் மக கணக்குப் பரீட்சைக்குக் கெளம்பி நிக்கா. பத்தாவது. போகலை. அத்தோட நின்னுட்டா. போன் போட்டவக மேல நான் தப்புச் சொல்ல மாட்டேன். வெடிச்சிருந்தா அவக வீட்டுப் பிள்ளைகளும்தான் போயிருக்கும். ஆனாலும் ஒரு நாலு நா பொறுத்திருக்கக் கூடாதான்னு இன்னைக்கும் நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். அதான் நாங்க பொறுத்துக்கிட்டோம்."

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், என்றைக்கு வேண்டுமானாலும் வெடிக்கும் என்று நம்பிக்கொண்டு, என் மகள் பரீட்சை எழுதட்டும் என்று ஒரு குடும்பம் ஒரு மாதமாகப் படுத்துத் தூங்கியிருக்கிறது. தூங்கியிருக்குமா என்ன? எனக்கு அழுகை வந்துவிட்டது. மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மதினி கையை உதறினார்.

"எதுக்கு அளுறீக இப்ப? பொளப்புக்குச் செய்யீகன்னு நெனச்சுத்தான் உசுரக் கையில பிடிச்சுக்கிட்டுக் கெடந்தோம். அழகுக்குன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே அந்த மிஷினைத் தூக்கி ஒங்க தலையிலயே போட்டிருப்பேன்."