இடது கெண்டைக்கால்

வலி பெரியது இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரோ இடது கெண்டைக்காலின் நடுவில் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்திக்கொண்டே கூட ஓடி வருவது போல இருக்கும். இரண்டாவது கிலோமீட்டரில் வரும், நின்றால் போய்விடும். நின்றால் போய்விடுகிறதே என்பதுதான் என் பயம். அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஒரு நிரை மரம் முடிப்பதற்குள் இரண்டு மூன்று முறை நின்று கெண்டைக்காலைப் பிசைந்துகொள்வார். நின்றால் சரியாயிடும் என்பார். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, என்று தெரிய வந்தபோது கால்விரல் கறுத்திருந்தது. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம். நான் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டது அவரைக் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போகத்தான்.

நாற்பது வயதில் ஓட ஆரம்பித்ததும் அந்தப் பயத்தில்தான். சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலை, லிங்கி பக்கம் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வீடு. வேலை இல்லாத காலைகளில் செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் மண்சாலையில் ஓடுவேன். உள்ளே காற்றே நுழையாது. காய்ந்த மட்டை எங்கேயோ முறிந்து விழும். எந்தப் பக்கம் என்று தெரியாது, ஆனால் பின்னால்தான் விழுந்தது என்று தோன்றும்.

நான் நொண்டுவதை என் கணவர் கவனித்துவிட்டார். அதே தோட்டத்தில் பழக்குலை வெட்டுகிறவர். "ஒலிம்பிக்குக்கு யாரும் ஒன்னக் கூப்புடல லா. ரெண்டு வாரம் சும்மா ஒக்காரு," என்றார். எப்படி உட்காருவது? ஓட்டத்தை நிறுத்தினால் அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிடும் என்று உள்ளே ஒரு நினைப்பு. கிளினிக்குக்குப் போகவும் மனம் வரவில்லை. எங்கள் லயத்தில் காலைக் காட்டப் போன யாரும் முழுக்காலோடு திரும்பியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உண்மையில் நன்றாகத் திரும்பியவர்களும் இருந்தார்கள். அவர்களை நான் சேர்த்துக்கொள்ளவில்லை.

குலை வெட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மோட்டார் சைக்கிள் டயரின் பழைய டியூபை நாடாவாக வெட்டி வைத்திருப்பார்கள். கெண்டைக்கால் இழுத்தால் அதைச் சுற்றிக்கொண்டு வேலையை முடிப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் கூடுதல் வேலைக்குப் போன பிறகு, கொல்லையில் கிடந்த ஒரு நாடாவை எடுத்து நானே சுற்றிக்கொண்டேன். இறுக்கினால்தான் வேலை செய்யும் என்று நினைத்து, இழுத்து இழுத்துச் சுற்றி முனையைச் செருகினேன்.

இரண்டாவது கிலோமீட்டர் வந்தது. வலி வரவில்லை. மூன்றாவதிலும் இல்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் கவனித்தேன், இடது பாதத்துக்குக் கீழே தரையும் இல்லை. கால் விழுகிறது, சத்தம் கேட்கிறது, விழுந்தது தெரியவில்லை.

குலை அடுக்கும் மேடையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினேன். விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. தொட்டால் சில்லென்று இருந்தது. அம்மாவின் விரல்தான் என் காலில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தேன். டியூபின் நினைவே வரவில்லை. நம்புவீர்களோ என்னவோ, கண்ணெதிரே இருந்தும் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது.

வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் அந்த வழியாக வந்த கணவர் பார்த்தார். இறங்கி, கத்தியை நுழைத்து நாடாவை அறுத்தார்.

"இதக் கட்டுனா உள்ள ஒரு வெரல் நொழையணும். இது கூடவா தெரியாது?"

ரத்தம் இறங்க இறங்க நெருப்பெறும்பு மொய்த்தது போல் எரிந்தது. வழக்கமாகக் கேலி செய்கிறவர் அன்று "நாளைக்கு லீவு போடு. கிளினிக்குப் போறோம்," என்று மட்டும் சொன்னார்.

கிளினிக்கில் டாக்டர் கெண்டைக்காலை அழுத்தி, மடக்கி, நீட்டிப் பார்த்தார். தசை கொஞ்சம் இழுத்திருக்கிறது, இரண்டு வாரம் ஓடாமல் இருங்கள், பிறகு மெதுவாக ஆரம்பிக்கலாம் என்றார். டியூப் கட்டியதாலும் காலுக்குக் கெடுதல் இல்லை, தப்பிவிட்டது என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. போகலாம் என்று எழுந்தும் விட்டேன். அப்போதுதான் வீட்டில் யாருக்காவது இனிப்பு நீர் உண்டா என்று கேட்டார். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். இனிப்பு நீர் இருந்தால் பாதம் மரத்துப்போகும், வந்தது வந்தீர்கள், ரத்தம் கொடுத்துவிட்டுப் பாதத்தையும் சோதித்துக்கொண்டு போங்கள் என்று அடுத்த அறைக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு மிஸ்ஸி, நர்ஸ், நம் தமிழ்ப் பெண்தான். விரலில் குத்தி ரத்தம் எடுத்த பிறகு, மீன் தூண்டில் நூல் மாதிரி ஒன்றைக் கையில் எடுத்தார்.

"கண்ண மூடிக்குங்க அக்கா. இது படுறப்ப 'ஆமா'ன்னு சொல்லுங்க."

இடது பாதத்தில் தொடங்கினார். பெருவிரல், சுண்டுவிரல், குதிகாலுக்கு முன்னே. எல்லாவற்றுக்கும் ஆமா சொன்னேன். நேற்றுக் கறுத்துப்போன விரல்களே சொல்லிவிட்டன. பிறகு வலது பாதம். காத்திருந்தேன். மின்விசிறி சுற்றியது. வெளியே மலாய் மொழியில் யாருடைய எண்ணையோ கூப்பிட்டார்கள். மிஸ்ஸி எதையோ தேடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"இன்னும் தொடலியா?" என்று கேட்டேன்.

"ரெண்டு எடத்துல தொட்டுட்டேன்க்கா," என்றார் மெதுவாக.

கண்ணைத் திறந்தேன். ஒரு நாளும் வலிக்காத வலது கால் அவர் கையில் இருந்தது. கணவர் கதவோரம் நின்று என் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று மிஸ்ஸி மறுபடியும் கண்ணை மூடச் சொன்னார்.

மூடினேன். கொஞ்ச நேரம் போகட்டும் என்று மனதுக்குள் எண்ணினேன். பிறகு, பட்டதா இல்லையா என்று தெரியாமலே, "ஆமா" என்றேன்.