இரண்டு பக்கமும் சிவப்புச் சட்டை

பொம்மைச் சிப்பாய்க்குப் பெயின்ட் அடிக்கிறவன், சரித்திரம் தெரிந்தவரிடமும் திட்டு வாங்குவான், தெரியாதவனிடமும் வாங்குவான். எண்பதுகளின் கடைசியில், மேனாம்பேட்டில் எனக்கு அதுதான் சைடு தொழில். வாடிக்கையாளர் மொத்தமே இரண்டு பேர். பருத்திப்பட்டு ஆரோக்கியசாமி சார், ரிட்டயர்டு சரித்திர வாத்தியார். பாடியில் லேத் ஓட்டும் தனசேகர். ஞாயிறானால் சார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, 1760-ல் நடந்த வந்தவாசிச் சண்டை. சாருக்கு இங்கிலீஷ் படை, தனசேகருக்கு பிரெஞ்சுப் படை, தாயக்கட்டையில் பெரிய எண் விழுந்தால் குண்டு பாய்ந்து எதிரி சாய்வான். ஒருத்தர் கோபித்துக்கொண்டு போனால் மற்றவருக்கு எதிரி இல்லை, எனக்குத் தொழில் இல்லை. இரண்டு முதலாளியிடம் மாட்டியவர்களே, என் பிழைப்பு உங்களுக்குப் புரியும்!

முழுக்கால் சட்டை

சாரின் படையில் இங்கிலீஷ்காரனுக்காகச் சண்டை போட்ட சென்னைச் சிப்பாய்களுக்கு எடுப்பாக இருக்கட்டுமே என்று கணுக்கால் வரை கால்சட்டை வரைந்துவிட்டேன். அந்தக் காலத்தில் தொடை வரைதானாம். சார் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தனாகப் பார்க்கிறார். "அழகாத்தானே சார் இருக்கு?" என்று இழுத்தேன்.

"கொலுவுக்கா கேட்டேன்? சண்டைக்குப்பா!"

யானை

தனசேகர் ஒருநாள் தானே ஈயத்தில் வார்த்த யானையைக் கொண்டுவந்து பீரங்கிக்கு முன்னால் நிறுத்தினான். அந்தச் சண்டையில் யானையே கிடையாது, எடு என்றார் சார். இவன் எடுத்தான், கூடவே செருப்பையும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். இரண்டு ஞாயிறு ஆளே வரவில்லை. பாடிக்குப் பஸ் ஏறிப் போய், பட்டறை வாசலில் நின்று கெஞ்சினேன்.

"வரேன் மாமே. ஆனா இனிமே எல்லாமே சார் சொல்ற சரித்திரம்தான், ஒரு நூல் பிசகக் கூடாது, அவருக்கும் சேர்த்துத்தான்!"

சிவப்பு

சாருக்குக் குஷி. பிரெஞ்சுப் படையில் ஐரிஷ்காரர்கள் உண்டு, அவர்களுக்கு வெள்ளைச் சட்டை இல்லை, சிவப்பு என்றார். உண்மைதானாம். அடித்துக் கொடுத்தேன். கழுத்துப்பட்டி மட்டும் பச்சை, அதுவும் கடுகளவு.

இங்கிலீஷ் படை ஏற்கெனவே சிவப்பு, அந்த ஞாயிறு மேஜை முழுக்கச் சிவப்பு. சார் குறிபார்த்தார், உருட்டினார், பன்னிரண்டு! எட்டுச் சிப்பாய்களைச் சாய்த்தார். தனசேகர் குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான், "சார், அது உங்க ஆளுங்க."

சார் கண்ணாடியைக் கழற்றினார். முகம் கறுத்துப்போனது. தன் படையை பிஸ்கட் டப்பாவில் அடுக்க ஆரம்பித்தார். சரி, கதை முடிந்தது. தனசேகர் டப்பாவின் மேல் கையை வைத்தான்.

"இன்னா சார் எடுத்து வைக்கிற? ரெண்டு பக்கமும் சிவப்புன்னா, அன்னிக்கும் எவனாவது இப்படித்தான் சொந்த ஆளையே சுட்டிருப்பான். இன்னிக்குத்தான் நீ சரித்திரப்படி ஆடிகினு கீற!"

சார் டப்பாவைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு சிப்பாய்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, செத்த எட்டுப் பேரை மட்டும் டப்பாவிலேயே விட்டார்.

"செத்தவன் செத்தவன்தான். உருட்டுடா."

இவ்வளவு கூத்திலும் அந்தப் பச்சையைக் கடுகளவு அடித்தவன் எவன் என்று இருவருமே கேட்கவில்லை பாருங்கள், என் தொழிலில் நான் கண்ட ஒரே வெற்றி அதுதான்.