பேசும் படமும் என் தொண்டையும்

என் குரலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆம்பளைக் குரல். கட்டைக் குரல் என்று நாகரிகமாகச் சொல்லலாம். குன்றத்தூரில் எங்கள் தெருவில் யாரும் அவ்வளவு நாகரிகம் பார்க்கவில்லை. ரேஷன் கடை வரிசையில் பின்னாலிருந்து நான் சத்தம் போட்டால், "இன்னா சார் அவசரம்?" என்று திரும்புவார்கள். தாவணியைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் திரும்பிக்கொள்வார்கள். எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். கோபம் வந்தால் குரல் இன்னும் கட்டையாகிவிடும்.

1991-ல் எனக்கு இருபத்து மூன்று வயது. அதற்குள் இரண்டு வரன்கள் வந்து போய்விட்டன. முதல் வரன் நான் "வணக்கம்" சொன்னதோடு சரி. இரண்டாவது வீட்டில் என்னைப் பாடச் சொன்னார்கள், அவர்கள் தலையெழுத்து. அதற்குப் பிறகு அம்மா ஒரு சட்டம் போட்டாள். "வர்றவங்க முன்னாடி நீ வாயே தொறக்காத. தலைய மட்டும் ஆட்டு. மீதிய நான் பாத்துக்கிறேன்."

மூன்றாவதாகப் படப்பையிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அக்கா. மாப்பிள்ளைக்குத் தாம்பரம் பக்கம் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப் வேலை. இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் ராட்சச மெஷின்கள் இருக்கிற இடம் அது. நான் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதை ஏன் மறைக்க வேண்டும்? அம்மா என்னைப் பற்றி அவிழ்த்துவிட்ட பொய்களுக்கெல்லாம் மனிதர் அப்படி ஒரு நிம்மதியோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பிக்கு காபியா, டீயா?" என்று அம்மா கேட்டாள். அவர் பலமாகத் தலையாட்டினார். வெட்கப்படுகிறார் என்று அம்மா காபியைக் கொடுத்தாள். மற்ற கேள்விகளுக்கெல்லாம் அவருடைய அக்காதான் பதில் சொன்னார்.

"எங்க தம்பி அதிகமா பேச மாட்டான்."

"எங்க பொண்ணும் அப்டித்தாங்க. அது இருக்குற எடமே தெரியாது."

இரண்டு பக்கமும் திருப்தி. ஆயுத பூஜை கழித்து நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா எனக்கு நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தாள். நிச்சயம் முடிகிற வரைக்குமாவது என் குரல் அந்த வீட்டுக்குப் போய்ச் சேரக்கூடாது என்பதுதான் வீட்டில் அப்போதைய ஒரே கவலை.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் நாடகம் வந்தது.

நான் வேலை பார்த்தது ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஒரு கம்பெனியில். லாரிகளுக்கு இரும்புச் சாமான் செய்து அனுப்புகிற இடம். பிரஸ் ஷாப்பிலிருந்து வருகிற பீஸை மேஜையில் வைத்துச் சோதித்து, நல்லது கெட்டது பிரிப்பது என் வேலை. அந்த வருஷம் மே மாதம் நடந்த துக்கத்துக்குப் பிறகு, ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னாலே கேட்கிறவர்கள் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஆயுத பூஜைக்கு எல்லோர் வீட்டு ஜனங்களும் கம்பெனிக்கு வருவார்கள், அன்றைக்காவது வயிறு வலிக்கச் சிரிப்போம் என்று ஸ்டோர்ஸ் கிளார்க் ஒரு நாடகம் எழுதினார்.

கதை இதுதான். ஊமைப்படக் காலத்தில், கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டு, ராஜா இப்போது என்ன சொல்கிறார், ராணி ஏன் அழுகிறாள் என்று ஜனங்களுக்கு உரக்கச் சொல்வார். நல்ல மவுசு அவருக்கு. திடீரென்று பேசும் படம் வந்துவிடுகிறது. திரையில் இருக்கிற ராஜாவே பேச ஆரம்பித்துவிடுகிறார். நம்ம ஆளுக்கு வேலை போச்சு. ஆனால் அவர் போக மாட்டேன் என்கிறார். திரையில் பேசுகிற ராஜாவோடு நின்று சண்டை போடுகிறார்.

கதை சொல்லுகிறவர் வேஷத்துக்குக் கிளார்க் நேராக என் மேஜைக்கு வந்தார். "நீதாம்மா செய்யணும். ஷெட்டுல பிரஸ் ஓடுறப்போகூட ஒன் கொரல் மட்டும் கேக்குது."

இருபத்து மூன்று வருஷத்தில் என் குரலை ஒருவர் தேடி வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. நான் யோசிக்கவே இல்லை. சரி என்றேன். வீட்டில், நாடகத்தில் தாம்பாளம் ஏந்திக்கொண்டு நிற்கிற வேஷம், பேச்சே கிடையாது என்று அம்மாவிடம் கூசாமல் சொன்னேன். பொய் சொல்வது எங்கள் குடும்பத்தில் புதிதா என்ன!

ராஜா வேஷம் பிரஸ் ஷாப் ஆபரேட்டர் ஒருவருக்கு. ராணி, மீசையை எடுக்க மறுத்துவிட்ட ஒரு ஃபிட்டர். முக்காடு போட்டுக்கொள்வதாக ஒப்பந்தம். ஒரு பெரிய மரச்சட்டத்துக்குள் இவர்கள் நின்றால் அதுதான் திரை. ஊமைப்படப் பகுதியில் இவர்களை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. பிரஸ் சத்தத்தில் பேச்சு எடுபடாது என்பதால் அவர்கள் பேச்செல்லாம் எப்போதும் கையில்தான். மணிக்கட்டைத் தட்டினால் ஷிப்ட் முடிய எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேள்வி. உள்ளங்கையை இரண்டு தடவை கீழே அமுக்கினால், "எல்லாம் சரி, மெஷினை ஓட்டு". அந்தக் கையை வைத்துக்கொண்டு ராஜா காதலித்தார், போருக்குப் போனார், விஷம் குடித்தார். பார்த்துக்கொண்டிருந்த கேன்டீன்காரர் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.

பேசும் படத்துக்கு வந்ததும்தான் தகராறு. கை ஓய்ந்தால் அடுத்து அவர்களுக்குத் தெரிந்தது கத்துவது ஒன்றுதான். "தேவி, உன் மௌனம் என்னை வதைக்கிறதே" என்று ராஜா குழைய வேண்டும். அவரோ கிரேன்காரரைக் கூப்பிடுகிற மாதிரி கத்துவார். முக்காட்டுக்குள்ளிருந்து ராணி அதைவிடச் சத்தமாக, "இன்னாண்ணே, கேக்கல!" என்பார். கிளார்க் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு மாதம் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே கூத்துதான். அந்த மாதிரி நான் அதற்கு முன் சிரித்ததில்லை.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். பிரஸ் ஓடாத அந்த ஒரு நாளில் ஷெட்டுக்குள் குருவி கத்துவதுகூடக் கேட்கும். பூஜை முடிந்து எல்லோர் கையிலும் பொரிப் பொட்டலம். சாயங்காலம் நாலு மணிக்கு, மரப் பலகைகளை அடுக்கிப் போட்ட மேடையில் நாடகம்.

நான் கண்மையால் மீசை வரைந்து, கோட்டு மாட்டி, தலைப்பாகை கட்டிக்கொண்டு படுதா இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். நாலாவது வரிசையில் அம்மா. பக்கத்தில் படப்பை மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அக்கா. படுதாவைச் சட்டென்று இழுத்து மூடினேன். பேச்சில்லாத வேஷம் என்று நான் சொன்னதை நம்பி, பட்டுப்புடவையில் பெண்ணை இன்னொரு தடவை காட்டிவிடலாம் என்று அம்மாவே அவர்களைக் கூப்பிட்டிருக்கிறாள்!

"அண்ணா, என்னால ஆவாது. நான் வூட்டுக்குப் போறேன்," என்றேன் கிளார்க்கிடம்.

"நீ போனா நாடகமே இல்லம்மா," என்றார் அவர். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

போகவில்லை. ஆனால் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். தொண்டையை இறுக்கிக்கொண்டு, மெல்லிசாக, கீச்சென்று ஒரு பெண்குரலில் பேச ஆரம்பித்தேன். கம்பெனியில் இருந்தது ஒரே மைக். பேசும் படம் வரும்போது அசத்த வேண்டும் என்று கிளார்க் அதைத் திரைக்குள் ராஜா முன்னால் வைத்துவிட்டார். எனக்கு மைக் இல்லை. ஐந்தாவது வரிசையைக்கூட என் கீச்சுக்குரல் எட்டவில்லை. "கேக்கல! வாயத் தொறந்து பேசும்மா!" என்று பின்னாலிருந்து கூச்சல். ராஜாவும் ராணியும் உயிரைக் கொடுத்துக் கை ஆட்டுகிறார்கள், நான் அதைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். ஜனங்கள் எழுந்து குடிதண்ணீர்ப் பக்கம் போக ஆரம்பித்தார்கள். அவமானமாக இருந்தது.

இந்த நேரத்தில் கீழே நடந்ததை அம்மா பிற்பாடு சொன்னாள். "உங்க பொண்ணு எப்போ வரும்?" என்று மாப்பிள்ளையின் அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாராம். மேடையில் மீசையோடு நிற்கிற என்னைப் பார்த்துக்கொண்டே, "தோ, இப்போ வந்துடுவா" என்று அம்மாவும் சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

பேசும் படம் வந்தது. ராஜா மைக் முன்னால் மார்பை நிமிர்த்தி, "தேவி" என்று வாயைத் திறந்தார். ஒலிபெருக்கியில் புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. மறுபடி திறந்தார். மறுபடி புஸ். ஒரு மாத ஒத்திகை, முந்தின நாள் ஓவர்டைம் வேறு. கத்திக் கத்தித் தொண்டை சுத்தமாகப் போய்விட்டது. அதை யாரிடமும் சொல்லாமல் பனங்கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு மேடையேறிவிட்டார். முக்காட்டுக்குள் ராணி திருதிருவென்று விழித்தார்.

ராஜா என்னைப் பார்த்தார். உள்ளங்கையை இரண்டு தடவை கீழே அமுக்கினார். ஓட்டு.

நான் நாலாவது வரிசையைப் பார்த்தேன். அம்மா வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். போனால் போகட்டும் இந்த வரனும்! தொண்டையை விட்டேன்.

"பார்த்தீங்களா மகாஜனங்களே! பேசும் படம், பேசும் படம்னு தண்டோரா போட்டாங்க. ராஜா பல்லு வெளக்குற சத்தம்தான் வருது!"

ஷெட்டின் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது என் குரல். அப்புறம் வெடித்தது சிரிப்பு. தண்ணீர் குடிக்கப் போனவர்கள் டம்ளரோடு ஓடி வந்தார்கள். நான் ராஜா பக்கம் திரும்பினேன். "டேய் ராஜா! இத்தன வருசமா நான்தான்டா ஒனக்கு நாக்கு! என்னத் தொரத்திட்டுப் பேசலாம்னு பாத்தியா? பேசு பாக்கலாம்!" ராஜா புஸ் என்றார். கையெடுத்துக் கும்பிட்டார். நான் அவருக்காகக் காதலித்தேன், ராணிக்காகக் கோபித்துக்கொண்டேன், இரண்டு பேருக்கும் நானே சமாதானம் செய்து வைத்தேன். கிளார்க் எழுதின முடிவு அடியோடு போய்விட்டது. நாடகத்தில் கொட்டகைக்காரர் என்னைத் துரத்துவதற்குப் பதில், என் காலில் விழுந்து திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார். கைதட்டல் அடங்கவே இல்லை. இத்தனை வருஷம் இதையா மூடி வைத்திருந்தோம் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

இறங்கி வந்து ஈரத்துணியால் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாதிதான் அழிந்திருக்கும். மேடையில் நின்றது நான்தான் என்று தெரிந்துகொண்டு, மாப்பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அவருடைய அக்கா, "டேய், வாடா, பேசாத" என்று சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. அதற்கும் பின்னால் என் அம்மா, முகம் செத்துப்போய்.

எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். பழக்கதோஷத்தில் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் பேசினார். ஊருக்கே கேட்கிற மாதிரி, பிரஸ் ஷாப் ஆள் பேசுகிற அதே சத்தத்தில் பேசினார்.

"அன்னிக்கி உங்க வூட்ல யாரு இன்னா பேசுனாங்கன்னு எனக்கு ஒண்ணுமே கேக்கலங்க. பிரஸ்லயே நின்னுநின்னு காது மந்தம். வெளிய சொல்லாதன்னு இவங்க சொல்லிட்டாங்க. அதான் எல்லாத்துக்கும் சிரிச்சிக்கினே இருந்தேன். இன்னிக்கி நீங்க பேசுனது ஒண்ணுவுடாம கேட்டுச்சு. இன்னொரு தபா எதனா பேசுங்களேன்."

அவருடைய அக்கா தலையில் அடித்துக்கொண்டார். என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்; சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பக்கத்திலேயே கேன்டீன்காரர் இரண்டு பெரிய கேன்களோடு நின்றுகொண்டிருந்தார். வாயில் வந்ததைக் கேட்டேன், என் சொந்தக் குரலில்.

"காபியா, டீயா?"

"டீதாங்க," என்றார். "அன்னிக்கி அந்தக் காபிய ரொம்பக் கஷ்டப்பட்டுக் குடிச்சேன்."